ஆறாம் படுக்கையில் வளர்ந்தது

ஆகஸ்ட் 3, வியாழன்

உறுதியானது: எப்சிபாவின் இரத்தத்தில் வளர்வது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் என்ற பூஞ்சை. ஆதாரம்: டாக்டர் ஷமீமா, இந்த மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைக் கவனிப்பவர். நேரில் சொன்னார், காலை 11.40.

பின்னணி. ஜூலை 16 ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எப்சிபாவுக்கு வயிற்றுவலி. குடலில் ஓட்டை. அன்று மாலையே அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து பதினெட்டு நாட்களாகப் பாளையங்கோட்டையில் இந்தத் தனியார் மருத்துவமனையின் ஐசியுவில், ஆறாம் படுக்கை. கழுத்து நரம்பில் ஒரு குழாய். சாப்பாடு, மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான். இதுவரை நான்கு ஆண்டிபயாட்டிக் மாற்றிவிட்டார்கள். திங்கள் முதல் 102 டிகிரி காய்ச்சல்.

செவ்வாயன்று எடுத்த இரத்தத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கருவிக்குள் வைத்தார்கள். பாட்டிலில் கிருமிக்கு வேண்டிய உணவு இருக்கிறது. ஏதாவது வளர்ந்தால் கருவி மணி அடிக்கும். ஐந்து நாள் அடிக்காவிட்டால் இரத்தம் சுத்தம் என்று கணக்கு. இன்று காலை அடித்தது.

"கேண்டிடா வகை சார்," என்றார் டாக்டர் ஷமீமா. காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயது இருக்கலாம். "நம்ம வாயில, வயித்துல எப்பவும் இருக்கிற ஆளுதான். ஆண்டிபயாட்டிக் குடுக்கக் குடுக்க மத்த கிருமியெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிரும். காலி வீடு, கழுத்துல தொறந்த வாசல். அது உள்ள வராம என்ன செய்யும்?"

"மருந்து இருக்கா?"

"இருக்கு. ஃப்ளூகோனசோல். இன்னைக்கு நாலு மணிக்கு ஆரம்பிக்கிறோம்."

முப்பத்தொரு வருடம் ஒரு நாளிதழின் திருநெல்வேலி நிருபராக இருந்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. வேலை போனாலும் வேலைமுறை போகவில்லை. என்னிடம் ஒரு நான்கு நிறப் பேனா உண்டு. கண்ணால் கண்டதைக் கறுப்பில் எழுதுவேன், பிறர் சொன்னதை நீலத்தில். உறுதியானது சிவப்பு. கேட்க வேண்டியது பச்சை. இன்று சிவப்பில் எழுத முதல் முறையாக ஏதோ கிடைத்தது. பதினெட்டு நாளும் "பார்க்கலாம் சார்" என்ற நீலம்தான்.

இந்த மருத்துவமனையின் எந்தக் கவுண்டரிலும் பேனா கிடையாது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். நான்காம் படுக்கை முதியவரின் மகன் ஆவுடையப்பன், ஆலங்குளத்தில் செங்கல் சூளை வைத்திருப்பவர், இன்று ஏதோ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வாங்கிப் போனார். அய்யாவின் தலையணை மேலேயே பேனாவை விட்டுவிட்டு வந்திருந்தார். நர்ஸ் இசக்கியம்மாள்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"சார், இந்தப் பேனாவுக்கே தனியா ஒரு அட்டெண்டர் போடணும்," என்றார்.


ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆய்வகக் கருவி பூஞ்சையின் முழுப்பெயரைச் சொல்லிவிட்டது: கேண்டிடா ஹெமுலோனி. அறிக்கையின் நகல் என்னிடம் உள்ளது.

காய்ச்சல் காலை 11 மணிக்கு 101.8. மாலை 5 மணிக்கு 102.2.

பார்க்க விடுவது ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம். கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு போக வேண்டும். நோட்டைப் படுக்கையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு திரையில் ஓடும் எண்களை எழுதுகிறேன். எப்சிபா முகமூடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"என்ன எழுதுதீங்க?"

"ஒன் காய்ச்சல."

"எத்தன மார்க்?"

இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சர். நூறுக்கு மேல் போய்விட்டது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கறுப்பில் எழுத முடியாதது இது.

மகன் துபாயிலிருந்து அழைத்தான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அப்பா, நியூஸ் வாசிக்காதீங்க. அம்மா எப்படி இருக்கா?" என்றான்.


ஆகஸ்ட் 5, சனி

மருந்து கொடுத்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. காய்ச்சல் 102.4.

நேற்று பச்சையில் ஒரு கேள்வி எழுதியிருந்தேன்: கருவி தவறாகச் சொல்லுமா? அதை ஒரு சீட்டில் எழுதி ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மதியம் டாக்டர் ஷமீமாவே கீழ்த்தளத்துக்கு அழைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நானும் நேத்து ராத்திரியிலேர்ந்து அதையேதான் யோசிக்கிறேன். மெஷினுக்குத் தெரிஞ்சது ஒரு பட்டியல். பட்டியல்ல இல்லாத ஆள் வந்தா, கிட்டத்துல இருக்கிற பேரைச் சொல்லிரும். தெரியலைன்னு சொல்லத் தெரியாது."

"எங்க ஆபீஸ்லயும் அப்படி ரெண்டு பேர் இருந்தாங்க," என்றேன்.

எனக்கு முதலில் புரியாதது, பூஞ்சைக்கு ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்பது. ஆண்டிபயாட்டிக் நூற்றுக்கணக்கில் இருக்கிறதே.

"பாக்டீரியா நமக்கு ரொம்ப தூரத்து ஆளு. அதைக் கொல்ற மருந்து நம்மளத் தொடாது. ஆனா பூஞ்சை சொந்தக்காரன் சார். செல்லோட அமைப்பு கிட்டத்தட்ட நம்மளுது மாதிரியேதான். அவனை அடிச்சா நமக்கும் வலிக்கும். அதனால இரத்தத்துல பூஞ்சைன்னா கையில இருக்கிறது முக்கியமா மூணே மூணு வகை மருந்து. ஒண்ணு இப்ப குடுக்கிற ஃப்ளூகோனசோல் வகை. ரெண்டாவது ஆம்போடெரிசின், அது கிட்னியக் கடிக்கும். உங்க வீட்டம்மாவுக்கு கிட்னி ஏற்கெனவே சொகமில்ல. மூணாவது கேஸ்போஃபங்கின் வகை. பூஞ்சைகிட்ட நம்மகிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு. செவரு. செல்லைச் சுத்திச் செவரு. அதை மட்டும் இடிக்கிற மருந்து."

அவருடைய சந்தேகம்: இது ஹெமுலோனி அல்ல, கேண்டிடா ஆரிஸ். பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு மசியாது. தோலில், படுக்கைக் கம்பியில், பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும். பெயரை உறுதிசெய்யும் கருவி சென்னையில் இருக்கிறது. மாதிரி கூரியரில் போய்விட்டது. அதுவரை சும்மா இருக்க அவருக்கு மனமில்லை.

"ஹெமுலோனி சூடு தாங்காது. ஆரிஸ் தாங்கும். ஒரு தட்டுல போட்டு நாப்பத்திரெண்டு டிகிரி செல்சியஸ்ல வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில தட்டு வெறுமையா இருந்தா நான் தப்பு. வளர்ந்திருந்தா…"

அவர் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த ஒன்றுதான். தேர்தல் எண்ணிக்கை நாளில் கடைசிச் சுற்றுக்கு முன்னால் எங்கள் எல்லோர் கண்ணிலும் இருக்கும்.


ஆகஸ்ட் 6, ஞாயிறு

வளர்ந்திருக்கிறது.

காலை 8.15. தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தயிர்த்துளிகள் மாதிரி வெளிறிய புள்ளிகள், வரிசை வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அவர் வந்திருந்ததே இதற்காகத்தான். "மாஷா அல்லாஹ்," என்றவர், சட்டென்று என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்க சார்," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே பரபரப்பு. பச்சைக் கேள்வியின் குறுக்கே சிவப்பில் கோடு போட்டேன்.

அடுத்த நாலரை மணி நேரத்தில் நடந்தவை:

9.30. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். பூஞ்சை குழாயின் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும், எந்த மருந்தும் அதற்குள் நுழையாது என்பது காரணம்.

10.10. ஃப்ளூகோனசோல் நிறுத்தம். கேஸ்போஃபங்கின் எழுதினார்கள். மருந்தகத்தில் இல்லை. நகரத்தில் வேறெங்கும் இல்லை. மதுரை விநியோகஸ்தரிடம் உண்டு, செவ்வாய்தான் அனுப்புவார்.

10.25. மதுரையில் என் பழைய பத்திரிகை முகவர் சிதம்பரநாதனை அழைத்தேன். மருந்துச்சீட்டைப் போனில் அனுப்பினேன். அவர் விநியோகஸ்தரின் வீட்டுக்கே போய்க் கடையைத் திறக்க வைத்தார்.

12.40. ஐஸ் பெட்டியில் வைத்து, கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ் எண்ணைச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன் நான் செய்திக் கவரையும் போட்டோவையும் இதே வழியில் எதிர்த்திசையில் அனுப்புவேன்.

நாலு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் நின்றேன். கண்டக்டர் முகம் பழசு. பெட்டியை நீட்டிக்கொண்டே, "என்ன சார், இன்னும் கவரோட அலையிதீங்க? ரிட்டயர் ஆகலியா?" என்றார். ஆகவில்லை என்றேன். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பாடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

5.50. முதல் டோஸ் கை நரம்பு வழியாக ஏறியது. கண்ணால் கண்டது.


ஆகஸ்ட் 7, திங்கள்

காய்ச்சல் 101.4. மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். ஐசியுவில் உள்ள பத்துப் பேரின் அக்குளிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார் டாக்டர் ஷமீமா. கேன்டீனில் இரண்டு இட்லி. மூன்று நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

உறுதியானது: கேண்டிடா ஆரிஸ். ஆதாரம்: சென்னை ஆய்வகத்தின் எழுத்துபூர்வ அறிக்கை, காலை 10.05.

11 மணிக்கு உள்ளே போனேன். எப்சிபா தெளிவாக இருந்தாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூஞ்சி என்ன இவ்ளோ பளபளன்னு இருக்கு? எங்கயும் கவர்மெண்ட் கவுந்துட்டா?"

சொன்னேன். தட்டு, நாற்பத்திரண்டு டிகிரி, பஸ், கண்டக்டர், எல்லாம். வேகமாகச் சொல்லியிருப்பேன். நடுவில் நோட்டைத் திறந்து நேரங்களையும் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"ஏங்க," என்றாள். "ஒங்களுக்கு இது புடிச்சிருக்கு, என்ன?"

சுவர்க் கடிகாரத்தில் 11.06. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்தேன்.


ஆகஸ்ட் 9, புதன்

நல்லது: சென்னையில் செய்த சோதனைப்படி இந்தப் பூஞ்சைக்குக் கேஸ்போஃபங்கின் வேலை செய்யும். ஃப்ளூகோனசோல் அறவே செய்யாது.

கெட்டது: திங்களன்று எடுத்த இரத்தத்தின் பாட்டில் இன்று காலை மணி அடித்தது. ஒரு டோஸுக்குப் பிறகு எடுத்தது, அதனால் பயமில்லை என்கிறார்கள். நாளை மறுபடி எடுப்பார்கள்.

மூன்றாவது, எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பத்துப் பேரில் எப்சிபாவைத் தவிர இன்னும் ஒருவர் தோலில் அதே பூஞ்சை. நான்காம் படுக்கை. ஆவுடையப்பனின் அய்யா. இரத்தத்தில் இல்லை, தோலில் மட்டும். ஆனால் பக்கவாதம் வந்து கிடக்கிற எழுபத்தாறு வயதுக்காரர். இரண்டு பேரையும் தனித்தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆவுடையப்பன் கூடத்தில் என் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாகிட்ட இருந்துதான் எங்கய்யாவுக்கு வந்துச்சுன்னு பேசிக்கிடுதாவ."

"யாரு?"

"யாரோ. அத விடுங்க. நெசமா?"

"தெரியாது. தெரிஞ்சா ஒங்ககிட்ட முதல்ல சொல்லுதேன்."

"சொல்லணும்," என்றார். போய் எட்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். இத்தனை நாள் பக்கத்தில்தான் உட்காருவார்.

நான் கவனித்தது: ஐந்தாம் படுக்கைக்கு ஒன்றுமில்லை. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிறது, ஆனால் சுத்தம். ஐந்தைத் தாண்டிக் குதித்தது எது?


ஆகஸ்ட் 10, வியாழன்

இன்று மாதிரி ஒரு நாள் கிடைத்து எத்தனை வருடம் ஆகிறது.

காலை ஏழு மணியிலிருந்து பட்டியல் போடுகிறேன். நாலையும் ஆறையும் தொட்டது எல்லாம், முக்கியமாக ஐந்தைத் தொடாதது. இசக்கியம்மாளிடம் டீ இடைவேளையில் பேசினேன், துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினேன், எக்ஸ்ரே எடுக்க வருபவரைக் கூட விடவில்லை.

"சார், ஒங்க கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் டீ ஆறிப்போச்சு," என்றார் இசக்கியம்மாள். ஆனாலும் நினைவுபடுத்திச் சொன்னார். அக்குள் வெப்பமானி மூன்று பேருக்கும் பொது. இரத்த அழுத்தப் பட்டை பொது. நெஞ்சுப் படம் எடுக்கும் தள்ளுவண்டிக் கருவி நாலுக்கும் ஆறுக்கும் மட்டும் வந்தது. பிசியோதெரபி செய்பவர் நாலுக்கும் ஆறுக்கும் மட்டும். ஐந்தாம் படுக்கைக்குப் பார்வையாளரே கிடையாது, பிள்ளைகள் அமெரிக்காவில்.

மொத்தம் இருபத்திரண்டு பொருள். நோட்டின் நடுப்பக்கத்தில் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து டாக்டர் ஷமீமாவிடம் நீட்டினேன். நான் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டியபோது அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு படத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"சார், எங்க இன்ஃபெக்ஷன் கமிட்டி மூணு மீட்டிங்ல செய்யிறத நீங்க ஒரு நாள்ல செஞ்சுட்டீங்க."

மாலைக்குள் இருபத்திரண்டிலும் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்தாகிவிட்டது. என் சந்தேகம் எக்ஸ்ரே வண்டி. அவருடையது வெப்பமானி. பந்தயம் ஒரு பாட்டில் ரோஸ்மில்க்.

எப்சிபாவைப் பதினோரு மணிக்குப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் அந்த நேரத்தில்தான் வந்தார். ஐந்து மணிக்குப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.


ஆகஸ்ட் 11, வெள்ளி

காய்ச்சல் 100.6. தட்டுகள் சூட்டில் இருக்கின்றன.


ஆகஸ்ட் 12, சனி

காலை 9 மணி. வியாழனன்று எடுத்த இரத்தம் மணி அடித்துவிட்டது. நாலு டோஸ் மருந்து போன பிறகும் இரத்தத்தில் பூஞ்சை இருக்கிறது. இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர் ஷமீமா. சிலருக்கு இரத்தம் சுத்தமாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அல்லது மருந்து கொடுக்கக் கொடுக்கவே பூஞ்சை அதற்கும் பழகிக்கொள்கிறது. திங்களன்று, புது மருந்துக்குப் பிறகு மூன்றாவது பாட்டில் வைப்பார்கள். அதுவும் அடித்தால் ஆம்போடெரிசினுக்கு மாற்றியாக வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1, ஒன்றுக்குள் இருக்க வேண்டியது. எப்சிபாவின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று கேட்டேன். "இன்ஷா அல்லாஹ், அந்த இடத்துக்குப் போக வேண்டாம்," என்றார். ஒரு நிருபருக்கு அது பதிலில்லை. நான் இன்னொரு முறை கேட்கவில்லை.

பிறகு தட்டுகளைக் காட்டினார். இருபத்திரண்டும் வெறுமை. வெப்பமானி, வண்டி, பட்டை, எதிலும் ஒரு புள்ளி இல்லை.

என் நோட்டை மறுபடி கேட்டார். மேசையில் வைத்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம். நான் எதை விட்டுவிட்டேன் என்று கேட்டேன்.

"சார், இந்தப் படத்தை எதால வரைஞ்சீங்க?"

நான் பேனாவை நீட்டினேன். வழக்கம்போல. அவர் கையை நீட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து கையுறையை எடுத்தார்.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

சனிக்கிழமைக் குறிப்பும் இதுவும் மருத்துவமனை ரசீதின் பின்பக்கத்தில், பென்சிலால். பேனா ஆய்வகத்தில்; நோட்டு உறையில் கட்டி என் பையில், முடிவு வரும் வரை தொடக் கூடாது. ஆராதனைக்குப் போகவில்லை. காய்ச்சல் 100.2.


ஆகஸ்ட் 14, திங்கள்

உறுதியானது: நான்கு நிறப் பேனாவின் நான்கு விசைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கேண்டிடா ஆரிஸ். நோட்டின் அட்டையிலும், நடுப்பக்க ஓரத்திலும். ஆதாரம்: டாக்டர் ஷமீமா. தட்டை நானும் பார்த்தேன். தயிர்த்துளிகள்.

ஒவ்வொரு முறையும் வாசலில் கையை முழங்கை வரை கழுவினேன். கவுன் போட்டேன். பிறகு கவுனுக்குள் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். நோட்டை அவள் படுக்கையில் வைத்தேன். வெளியே வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

சனிக்கிழமையே என் தோலிலும் தடவி எடுத்திருந்தார்கள். என்னிடம் இல்லை.

"ஒண்ணு சரியாச் சொல்லிருதேன் சார்," என்றார் டாக்டர் ஷமீமா. "உங்க வீட்டம்மாவுக்குப் பேனாவால வந்துச்சுன்னு நான் சொல்லல. அவங்ககிட்ட இருந்து பேனாவுக்கு வந்திருக்கலாம். நாலாம் படுக்கைக்குப் பேனாவால போச்சாங்கிறதும் இன்னும் முடிவாகல. மூணு மாதிரியோட மரபணுவையும் ஒப்பிட அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்றது செப்டம்பர் மொத வாரம்."

பிறகு நோட்டைக் கேட்டார். அழிக்க வேண்டும்.

முப்பத்தொரு வருடத்தில் போலீஸ் கேட்டு நான் குறிப்பேட்டைக் கொடுத்ததில்லை, ஒரு முறை நீதிமன்றம் கேட்டும் கொடுத்ததில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது.

"போலீஸுக்குக் குடுக்காம இருந்தது சரி சார். பூஞ்சைக்குக் குடுத்துட்டீங்களே."

கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொரு பக்கமாக அவரே போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். "படிக்கல. எட்டாம் தேதி மட்டும் கண்ணுல பட்டுச்சு, மன்னிச்சுக்கிடுங்க," என்றார். "நாலு நிமிஷம் பாக்கி இருந்துச்சே சார்."

எனவே இதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் படத்தையும் ரசீதையும் பார்த்து இந்தப் புது நோட்டில் நான் திரும்ப எழுதியவை. ஒரு சொல்லும் மாற்றவில்லை. நிறம் மட்டும் போய்விட்டது. எதிர்க்கடையில் வாங்கிய சாதாரணப் பேனா. உறுதியானது, கேட்டது, கண்டது எல்லாம் ஒரே நீலம்.

மூன்றாவது பாட்டில் இன்று காலை 9.20க்குக் கருவிக்குள் போனது.


ஆகஸ்ட் 15, செவ்வாய்

வாசலில் கொடி ஏற்றி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் தன் எட்டாவது நாற்காலியில் மிட்டாயைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நாளிதழில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம், ஐந்தாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில். அந்த மொழியில்தான் எனக்குச் சொல்ல வந்தது. ஒன்பதாம் தேதி தெரியாது என்று சொன்னேன், இப்போது இவ்வளவு தெரிகிறது, என் பேனாவில் இருக்கிறது, உங்களுக்கு நான் கொடுத்த பேனா, முடிவான அறிக்கை செப்டம்பரில், என்று.

அவர் மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓசிப் பேனா," என்றார். "எங்கய்யா எத்தன தடவ சொல்லியிருக்காரு. ஏலேய், கணக்கெழுத ஊரான் பேனாவ வாங்காதலேன்னு. சூளையில ஆயிரம் பேனா கெடக்கு அண்ணாச்சி. ஒண்ண எடுத்துப் பையில சொருகத் துப்பில்ல எனக்கு."

"தப்பு என்னோடது."

"இருங்க. திட்டுத நேரம் வந்தா நானே திட்டுதேன். இப்ப எங்கய்யா இருக்காரு, ஒங்க வீட்டம்மா இருக்காவ. திட்டுனா ரெண்டு பேருக்கும் என்ன பிரயோசனம்?" எழுந்தார். "ஆனா ஒண்ணு. ஒங்க மேல கோவம் இல்லைன்னு நான் சொல்லல. அத எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன்.


ஆகஸ்ட் 16, புதன்

காய்ச்சல் 99.1. பாட்டில் அடிக்கவில்லை. 48 மணி நேரம் கடந்தது.

முந்தைய இரண்டும் நாற்பத்தெட்டு மணிக்குள் அடித்தவை. டாக்டர் ஷமீமா ஆய்வகத்திலிருந்து கூடத்துக்குப் படியேறியே வந்து இதைச் சொன்னார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்றார். மூச்சு வாங்கியது. பந்தயத்தில் இருவரும் தோற்றதால் ரோஸ்மில்க்கை ஆளுக்குப் பாதி குடித்தோம்.


ஆகஸ்ட் 17, வியாழன்

72 மணி நேரம். அடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. 98.4.

ஆவுடையப்பன் கூடத்தில் எல்லோர் முன்னிலும் ஒரு பேனாவை என் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "இத நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. செத்தாலும் யாருக்கும் குடுத்துராதீங்க." இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.


ஆகஸ்ட் 18, வெள்ளி

தனி அறைக்குள் இப்போது கையில் ஒன்றும் கொண்டுபோக முடியாது. போன், கடிகாரம், மோதிரம், எதுவும். இசக்கியம்மாள் வாசலில் நின்று சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறார், சினிமாக் கொட்டகைக் காவலாளி மாதிரி. கவுன், கையுறை, அவ்வளவுதான். கீழே வருவதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

காலை 11 மணி. எப்சிபா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். முகமூடி இல்லை.

"நோட்டு எங்க?"

"வெளிய."

"பேனா?"

"எரிச்சாச்சு."

"கடைசில," என்றாள். "எத்தன சட்டையில மை. எவ்ளோ எலுமிச்சம்பழம்." பிறகு, "பாட்டில் வச்சு எவ்ளோ நேரமாச்சு?"

சொன்னேன். மனக்கணக்குப் போட்டாள். "இன்னும் இருவத்திரெண்டு மணி நேரம், கொஞ்சம். அடிச்சா?"

"கிட்னியக் கடிக்கிற மருந்து."

"அடிக்காட்டி?"

"இதே மருந்து இன்னும் ரெண்டு வாரம். பூஞ்சை கண்ணுக்குப் போயிருக்கான்னு ஒரு தடவ சோதிப்பாங்க. பெறகு வீடு."

தலையாட்டினாள். கையுறை போட்ட என் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை எனக்கு. முப்பத்தைந்து வருடத்தில் என் வலக்கை அவள் பக்கத்தில் சும்மா இருந்ததில்லை.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே," என்றேன். "எட்டாம் தேதி."

"ம்."

"ஆமா. புடிச்சிருந்துச்சு."

"தெரியும்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "நீங்க வந்து வந்து சொல்லுததக் கேக்க எனக்கும் புடிச்சிருந்துச்சு. வியாழக்கெழம காலையில மட்டும் வரல. அப்பந்தான் பயமா இருந்துச்சு."

பத்து நிமிடமும் இருந்தேன். இசக்கியம்மாள் கதவைத் தட்டிய பிறகும் கொஞ்சம் இருந்தேன்.

தெரிந்தது இவ்வளவு. தெரியாதவை: எப்சிபாவின் உடம்புக்குள் இது முதலில் எங்கிருந்து வந்தது. இதற்கு யாரும் பதில் தருவதாகச் சொல்லவில்லை. பேனாவிலும் நான்காம் படுக்கையிலும் ஆறாம் படுக்கையிலும் இருப்பது ஒரே பூஞ்சையின் வழித்தோன்றலா, எந்தத் திசையில் போனது: செப்டம்பர் முதல் வாரம். வந்ததும் ஆவுடையப்பனிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பாட்டில்: மாலை 5.30 வரை மணி அடிக்கவில்லை (டாக்டர் ஷமீமா, நேரில்). ஐந்து நாள் முடிவது நாளை, சனிக்கிழமை, காலை 9.20.